கம்ப்யூட்டர் சான்றிதழும் முதல் உத்தியோகமும்

நம் வாலிபர்களிடையே இன்று ஒரு கவலை பரவலாகக் காணப்படுகின்றது. கம்ப்யூட்டர்ப் பரீட்சை எழுதித் தேறியிருக்கின்றார்கள். சான்றிதழும் வந்துவிட்டது. ஐடி வேலைக்கு விண்ணப்பம் போட்டால் ‘இரண்டு வருட அனுபவம் தேவை’ என்று பதில் வருகின்றது. அல்லது பதிலே வருவதில்லை. வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும், அனுபவம் இருந்தால்தான் வேலை என்றால் நாங்கள் எங்கே போவது என்று கேட்கின்றார்கள். கேள்வி நியாயமானதே.

இதை எழுதுகின்றவன் கம்ப்யூட்டர் படித்தவனல்லன். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே என் படிப்பு. ஆனால் கிராஞ்சியில் கடை வைத்து, ஆட்களை வேலைக்குச் சேர்த்துப் பழகியவன். வேலை கேட்டு வந்து நிற்கின்றவனை முதலாளி எந்தக் கண்ணால் பார்க்கின்றான் என்பது எனக்குத் தெரியும். மற்ற விவரங்களை, அத்துறையில் வேலை பார்த்துக்கொண்டு கடைக்கும் வந்துபோகும் அன்பர்களிடம் கேட்டறிந்து எழுதுகின்றேன்.

கிராஞ்சி என்றால் பலருக்கு யுத்த நினைவு மயானமும், 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்த குதிரைப் பந்தயத் திடலும் ஞாபகத்துக்கு வரும். எங்களுக்கோ தொழிற்பேட்டையும் தங்குவிடுதிகளும்தான் ஊர். இங்கே இரண்டு வகை வாலிபர்களைப் பார்க்கின்றேன். இங்கேயே பிறந்து தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ படித்தவர்கள் ஒரு வகை. ஊரில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்துவிட்டு, வொர்க் பெர்மிட்டில் கட்டுமான வேலைக்கு வந்து, இரவில் கட்டிலில் உட்கார்ந்து கைபேசியில் பாடம் படிக்கின்றவர்கள் மற்றொரு வகை. இருவர் கையிலும் இருப்பது ஒரே சான்றிதழ்தான். ஆனால் இருவருக்கும் முன்னால் இருக்கும் கதவு வேறு வேறு. ஆகையால் தனித்தனியாகவே சொல்லவேண்டியிருக்கின்றது.

சான்றிதழ் என்ன சொல்லுகின்றது?

ஆரம்ப நிலையில் பெரும்பாலோர் எழுதுவது கம்ப்டியா என்னும் சங்கத்தார் நடத்தும் ஏ பிளஸ் பரீட்சை. இரண்டு தாள்கள், ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிஷம். கம்ப்யூட்டரின் உறுப்புகள், பழுது கண்டுபிடித்தல், விண்டோஸ், அடிப்படைப் பாதுகாப்பு ஆகியவை பாடம். அடுத்தது சிஸ்கோ கம்பெனியாரின் சிசிஎன்ஏ. அது கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் வலைத்தொடர்பைப் பற்றியது. 120 நிமிஷப் பரீட்சை. இரண்டும் மூன்று வருஷத்துக்கே செல்லும், அதற்குள் புதுப்பிக்கவேண்டும். வேலை கிடைக்கவில்லை என்று காத்துக்கொண்டே இருந்தால் சான்றிதழே காலாவதியாகிவிடும் என்பதை முதலில் நினைவில் வைக்கவேண்டும்.

இச்சான்றிதழ் பொய்யல்ல. ஒருவர் பாடத்தைப் படித்திருக்கின்றார் என்று அது சாட்சி சொல்லுகின்றது. ஆனால் முதலாளி கேட்பது வேறு கேள்வி. ‘இவனை என் வாடிக்கையாளர் ஆபீசில் தனியாக விட்டால், அவர்களுடைய மிஷினைக் கெடுக்காமல் சரிசெய்துவிட்டு, அவர்கள் முகம் கோணாமல் திரும்பி வருவானா?’ என்பதே அவன் மனத்திலுள்ள கேள்வி. மதரஸாவில் ஓதி முடித்தவருக்குச் சனது கொடுக்கின்றார்கள். அதை வாங்கிய மறுநாளே பெரிய பள்ளிவாசலில் இமாமாக உட்கார்ந்துவிடுகின்றாரா? ஏதோ ஒரு சிறிய பள்ளியில் ரமலானில் தராவீஹ் தொழவைக்கின்றார். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கின்றார். நாலு பேர் கேட்டுவிட்டு, ‘ஓதுதல் நன்றாயிருக்கின்றது, ஆளும் பொறுமைசாலி’ என்று வெளியே சொல்லுகின்றார்கள். அதன் பிறகே பெரிய ஜமாஅத் கூப்பிடுகின்றது. கம்ப்யூட்டர் வேலையிலும் வழக்கம் இதுதான். இதில் அநியாயம் என்று நினைக்க ஒன்றுமில்லை.

சிங்கப்பூரே ஒரு காலத்தில் இந்த நிலையில்தான் இருந்தது. 1981-இல் தேசியக் கம்ப்யூட்டர் வாரியம் அமைக்கப்பட்டபோது, அரசாங்க இலாக்காக்களைக் கம்ப்யூட்டர் மயமாக்கவேண்டும் என்றார்கள். அதற்குத் தேவையான அளவு ஆட்கள் இல்லை. பல்கலைக்கழகத்தோடு சேர்த்துப் பயிற்சிக் கழகம் வைத்தார்கள். ஜப்பானிய உதவியுடன் இன்னொன்றும் வைத்தார்கள். அரசாங்க வேலையைக் கொடுத்தே ஆட்களைப் பழக்கினார்கள். அன்று அப்படி ஆரம்பித்தவர்களிற் சிலர்தாம் இன்று விண்ணப்பத்தைப் பார்த்து, அனுபவம் எங்கே என்று கேட்கின்றார்கள்!

சிறிய வேலை, ஆனால் மெய்யான வேலை

ஆகவே, அனுபவம் என்பதைக் கம்பெனிச் சம்பளத்தோடு மட்டும் சேர்த்துப் பார்க்கக்கூடாது. மற்றொருவருடைய மிஷின், மற்றொருவருடைய அவசரம், அதை நீங்கள் தீர்த்தது ஆகிய மூன்றும் இருந்தால் அது அனுபவமே. ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுகின்றேன்.

எங்கள் கடையில் ரசீது அடிக்கும் பிரிண்டர் வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் மட்டும் அடிக்கடி நின்றுபோகும். மற்ற நாட்களில் ஒழுங்காக ஓடும். விற்ற கம்பெனியின் ஆள் இரண்டு முறை வந்து பார்த்தார். புதிய பிரிண்டர் வாங்கச் சொன்னார். பக்கத்துப் புளோக்கில் வசிக்கும் ஒரு வாடிக்கையாளரின் மகன், சிசிஎன்ஏ தேறி ஐந்து மாதம் வீட்டில் இருந்தவன், ‘நான் பார்க்கட்டுமா?’ என்று கேட்டான். அவன் செய்தது யாதெனில், பிரிண்டரின் கம்பியைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டரின் எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தான். வலைத்தொடர்பில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் வீட்டு விலாசம் போல் ஓர் எண் உண்டு. ‘பிங்’ என்னும் கட்டளையால் அந்த விலாசத்தில் யாராவது இருக்கின்றார்களா என்று கேட்கலாம். பிரிண்டர் கழற்றிக் கிடக்கின்றது; ஆனால் ‘இருக்கின்றேன்’ என்று பதில் வந்தது. அப்படியானால் அந்த விலாசத்தில் வேறு யாரோ குடியிருக்கின்றார்கள்!

காரணம் இதுதான். கடைக்குள் வரும் கைபேசிகளுக்கு ரௌட்டர் என்னும் பெட்டி 100 முதல் 199 வரையுள்ள எண்களை வாரிக் கொடுக்கின்றது. பிரிண்டருக்கு 120 என்று கையால் எழுதி வைத்திருக்கின்றார்கள். அதுவும் அந்த நூற்றுக்குள்ளேயே இருக்கின்றது. பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்வரை பெரும்பாலும் தொல்லையில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் போகின்றோம். திரும்பி வந்து வைஃபையைப் போட்டவுடன் வாடிக்கையாளர்களின் கைபேசிகள் முந்திக்கொள்ளுகின்றன. அவற்றில் ஒன்று 120-ஐ எடுத்துக்கொள்ளுகின்றது. பின்னால் எழுந்த பிரிண்டருக்கு இடமில்லை. பையன் பிரிண்டரை 50-ஆம் எண்ணுக்கு மாற்றினான். வாடிக்கையாளர் வைஃபையைக் கடையின் வலைத்தொடர்பிலிருந்து தனியாகப் பிரித்தும் வைத்தான். முக்கால் மணி நேர வேலை. அதற்குப் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

இதைப் படிக்கும் வாலிபர் கவனிக்கவேண்டியது, அதற்குப்பின் அவன் செய்ததை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, முறையீடு, எதை எதைச் சோதித்தான், காரணம் என்ன, பரிகாரம் என்ன என்று ஐந்தே வரியில் எழுதி வைத்துக்கொண்டான். கடைக்குப் பேரேடு எப்படியோ அப்படி. பள்ளிவாசல் அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டரை மாற்றியது, ஒரு பாலர் பள்ளியில் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் கெடாமல் தினமும் நகல் எடுக்க ஏற்பாடு செய்தது என்று நாலைந்து மாதத்தில் பதினைந்து பதினாறு குறிப்புகள் சேர்ந்துவிட்டன. பின்னர் ஒரு நேர்முகத் தேர்வில், ‘நீயே கண்டுபிடித்த ஒரு பழுதைச் சொல்’ என்றார்களாம். வெள்ளிக்கிழமைப் பிரிண்டர் கதையைச் சொல்லியிருக்கின்றான். கேட்டவர்கள் மேலும் மேலும் குடைந்து கேட்டார்கள். செய்தவன் ஆதலால் தடுமாறவில்லை. அது மூன்றாவது நேர்முகத் தேர்வு. கிடைத்தது ஆறு மாத ஒப்பந்தம், இரவு ஷிப்டு, பெரிய சம்பளமில்லை. இருந்தாலும் விண்ணப்பத்தில் ‘அனுபவம்’ என்ற கட்டத்தில் எழுத ஒரு வரி வந்துவிட்டது.

வீட்டிலும் பழகலாம். சிம் லிம் ஸ்குவேரில் பழைய கம்ப்யூட்டர் வாங்கலாம். (சுங்கை ரோட்டுச் சந்தை இருந்த காலத்தில் இன்னும் மலிவு, அது 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது.) ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் நடத்தும் விர்ச்சுவல் பாக்ஸ், வலைத்தொடர்பு அமைத்துப் பழகச் சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. விண்டோஸ் சர்வரை 180 நாள் பரீட்சார்த்தமாக வைத்துப் பழக மைக்ரோசாப்டு கம்பெனியே அனுமதிக்கின்றது. வேண்டுமென்றே ஒன்றைக் கெடுத்துவிட்டு, பிறகு சரிசெய்து பாருங்கள். அதையும் நோட்டில் எழுதுங்கள். ஆனால் ‘வீட்டுப் பயிற்சி’ என்று தனியாகக் குறியுங்கள். இரண்டையும் கலந்து எழுதினால் நேர்முகத் தேர்வில் அகப்பட்டுக்கொள்வீர்கள்.

பிறர் கம்ப்யூட்டரில் கை வைக்கும்போது அது அமானத் என்பதை மறக்கலாகாது. பிரிண்டரைப் பார்க்கப் போனவன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கக்கூடாது. ஜமாஅத் உறுப்பினர்களின் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண் ஆகியவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. தனிநபர் தகவல்களைப் பாதுகாக்க 2012-இல் இங்கே சட்டமே இயற்றப்பட்டிருக்கின்றது.

எந்த வாசல்?

நம் பிள்ளைகள் விண்ணப்பம் போடும்போது ‘செக்யூரிட்டி அனலிஸ்ட்’, ‘கிளவுடு என்ஜினியர்’ என்று உயர்ந்த வாசலிலேயே நிற்கின்றார்கள். அது மாடிக்கு ஏணி வைப்பது. கீழ்வாசல் ‘ஹெல்ப் டெஸ்க்’ என்னும் உதவி மேசை, ‘டெஸ்க்டாப் சப்போர்ட்’, ஆபீஸ் ஆபீசாகப் போய்ப் பழுது பார்க்கும் வேலை, டேட்டா சென்டர் டெக்னீஷியன் என்பவை. உதவி மேசை என்றால், பாஸ்வேர்டை மறந்தவரும் பிரிண்டர் ஓடாதவரும் கோபத்தோடு கூப்பிடுவார்கள். பொறுமையாகப் பதில் சொல்லவேண்டும். கடையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. கல்லாவில் நின்றதையும், சரக்குக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதையும் விண்ணப்பத்தில் எழுத வெட்கப்படுகின்றார்கள். எழுதவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். தேசிய சேவையில் சிக்னல் பிரிவில் இருந்தவர்களும் அதை ஒரு வரியோடு விட்டுவிடுகின்றார்கள். ரகசியமில்லாத அளவுக்கு அங்கே செய்த வேலையை விவரிக்கவேண்டும்.

எழுதும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘வலைத்தொடர்பில் நல்ல தேர்ச்சி உண்டு’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘ஏழு கம்ப்யூட்டர்களும் மூன்று பிரிண்டர்களும் உள்ள அலுவலகத்தில், நான்கு மாதம் வாரம் ஒருநாள் பழுது பார்த்தேன், விலாச எண் மோதலைக் கண்டுபிடித்துத் தீர்த்தேன்’ என்று எழுதினால் கூப்பிட்டுக் கேட்கலாமே என்று தோன்றும். சான்றிதழை மேலும் மேலும் சேர்ப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆறு சான்றிதழும் ஒருநாள் வேலையும் இல்லாத ஆளைக் கண்டால் முதலாளிக்குச் சந்தேகமே வருகின்றது. முதலில் ஒன்று போதும்.

இங்குள்ள பிரஜைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசாங்க வாசல்களும் உண்டு. வேறு துறையிலிருந்து மாறி வருகின்றவர்களுக்கென்று 2022-இல் தொடங்கிய ஸ்கில்ஸ்பியூச்சர் வாழ்க்கைத்தொழில் மாற்றப் பயிற்சி, வேலை தேடித் தரும் உதவியும் சேர்ந்தது. தொழில்நுட்பக் கல்விக் கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களைப் பட்டத்தைப் பாராமல் திறமையைப் பார்த்து வேலைக்கு எடுக்க, தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் அதே 2022-இல் கம்பெனிகளைச் சேர்த்து ஒரு கூட்டணி அமைத்தது. எங்கே போய்க் கேட்பது என்று தெரியாதவர்கள் லிட்டில் இந்தியாவில் பீட்டி ரோட்டிலுள்ள சிண்டாவிலோ மெண்டாக்கியிலோ கேட்கலாம். பயிற்சியில் சேருமுன், ‘முடித்தவர்களில் எத்தனை பேர் எந்த வேலைக்குப் போனார்கள்?’ என்று கேளுங்கள். பதில் மழுப்பலாயிருந்தால் பணம் கட்டாதீர்கள்.

பெர்மிட்டில் இருப்போருக்கு

இனிச் சொல்வது கசப்பாயிருக்கும். ஆனால் கடைக்காரன் கணக்காகவே பார்த்துவிடுவோம். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் அந்த முதலாளியிடம், அந்த வேலையைத்தான் செய்யலாம். லீவு நாளில் கூலி வாங்கிக்கொண்டு வேறொருவருக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது சட்டவிரோதம். அதற்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ, ஈராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. ஆகவே மேலே சொன்ன கடை வேலை உதாரணத்தை இவர்கள் பின்பற்றக்கூடாது.

ஐடி உத்தியோகத்துக்கு மாற எஸ் பாஸ் ஆவது வேண்டும். 2025 செப்டம்பர் முதல் அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி என்று வகுத்தார்கள். வயது கூடக்கூடத் தொகையும் கூடும். அத்துடன் முதலாளி கட்டவேண்டிய மாத வரி 650 வெள்ளி. கூட்டினால் 3,950. சேவைத்துறைக் கம்பெனியில் எஸ் பாஸ் ஆட்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இருக்கக்கூடாது; அதாவது பத்துப் பேர் உள்ள கம்பெனியில் ஒரே ஒருவர். அந்த ஒரே இடத்தை, மாதம் 3,950 வெள்ளி செலவழித்து, அனுபவமே இல்லாத ஒருவருக்கு முதலாளி ஏன் கொடுக்கவேண்டும்? நான் கொடுப்பேனா என்று என்னையே கேட்டால், கொடுக்கமாட்டேன். (இத்தொகைகள் அவ்வப்போது உயர்த்தப்படுகின்றன, மனிதவள அமைச்சிடம் சரிபார்த்துக்கொள்ளவும்.)

இந்த இடத்தில்தான் ஏஜெண்டுகள் நுழைகின்றார்கள். ‘மூன்று வருட அனுபவக் கடிதம் தருகின்றோம், எஸ் பாஸ் நிச்சயம்’ என்று சொல்லிப் பணம் வாங்குகின்றார்கள். பாஸ் விண்ணப்பத்தில் பொய் சொன்னால் அதற்கும் அபராதமும் சிறையும் உண்டு. திரும்பவும் இந்த நாட்டில் வேலைக்கு வர முடியாமலும் போகும். அனுமதி பெற்ற ஏஜென்சி இங்கே வாங்கக்கூடிய கூலி, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், எப்படியும் இரண்டு மாதத்துக்கு மேற்படாது. அதற்கு மேல் கேட்கின்றவன் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றான். பரீட்சைக் கேள்விகளைத் திருடி விற்கின்றவர்களும் இருக்கின்றார்கள். அப்படித் தேறியது தெரிந்தால் சான்றிதழையே ரத்து செய்துவிடுவார்கள்.

அப்படியானால் இவர்களுக்கு வழியே இல்லையா? உண்டு; அது தங்கள் கையிலுள்ள தொழிலிலிருந்தே ஆரம்பிக்கின்றது. சிங்கப்பூரில் 70-க்கு மேற்பட்ட டேட்டா சென்டர்கள் நடப்பதாக 2024-இல் அதிகாரிகள் அறிவித்தார்கள். அவற்றைக் கட்டுகின்றவர்களும், கம்பித் தட்டு மாட்டுகின்றவர்களும், ஃபைபர் கம்பி இழுக்கின்றவர்களும் நம் விடுதிகளில் இருப்பவர்கள்தாம். கம்பி இழுத்து, முனை கட்டி, அடையாளச் சீட்டு ஒட்டி, சோதித்துக் கொடுத்தவன் ‘நான் கட்டுமானத் தொழிலாளி’ என்று மட்டும் எழுதிக்கொள்ளுகின்றான்! எந்த வகைக் கம்பி, எத்தனை முனை, எந்தக் கருவியால் சோதித்தான் என்று குறித்துவைத்துக்கொண்டு, சூப்பர்வைசரிடம் மெய்யான கடிதம் ஒன்று வாங்கினால், ஊரில் சென்னை, கோவை, மதுரை எங்கே போனாலும் அது பேசும். தன் சொந்தக் கம்பெனியிலேயே கண்காணிப்புக் காமிரா, கதவுப் பூட்டுக் கருவி வேலைகளுக்கு மாற்றக் கேட்டுப் பார்க்கலாம். பெர்மிட்டில் குறித்த வேலைக்கு உட்பட்டதுதானா என்பதை முதலாளி பார்த்துக்கொள்ளவேண்டும்.

1941-இல் இங்கே சங்கம் கண்ட கடையநல்லூர்க்காரர்களுக்கும் தென்காசிக்காரர்களுக்கும் தனியாக ஒன்று சொல்லவேண்டும். ஜோஹோ கம்பெனி 2011 முதல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்துகின்றது. பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்து, இரண்டு வருடம் பழக்கித் தன்னிடமே வேலைக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளியும் அக்கம்பெனிக்கு உண்டு. அங்கே பட்டமும் கேட்பதில்லை, அனுபவமும் கேட்பதில்லை, நுழைவுத் தேர்வுதான். வயது வரம்பு இருப்பதால் இங்கே கம்பி இழுக்கும் அண்ணனுக்கு அது பயன்படாமல் போகலாம். ஊரில் பிளஸ் டூ படிக்கும் தம்பிக்குப் பயன்படும். தம்பியையும் பெர்மிட்டுக்கு அழைத்துவரக் கடன் வாங்குமுன் அண்ணன் இதை விசாரித்துப் பார்க்கவேண்டும்.

கடைசியாக, நம் சங்கத்தில் கடையும் அலுவலகமும் நடத்தும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இங்குள்ள ஒரு பிள்ளை உங்களிடம் பழுது பார்த்துக் கொடுத்தால், கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். ஒரு கடிதமும் கொடுங்கள். ‘நல்ல பையன், கெட்டிக்காரன்’ என்று எழுதுவதால் பிரயோசனமில்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வந்தான், எத்தனை கம்ப்யூட்டர்கள், என்ன பழுது, இப்போது எப்படி ஓடுகின்றது என்று எழுதி, கையெழுத்தும் கடை முத்திரையும் வையுங்கள். செய்யாத வேலையைச் செய்ததாக ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். கீழே தொலைபேசி எண்ணைப் போடுங்கள். கம்பெனிக்காரர் சரிபார்க்கக் கூப்பிடுவார். பெரும்பாலும் காலை பத்து மணிக்கு, கடையில் கூட்டமான நேரத்தில்தான் கூப்பிடுவார். எடுத்துப் பேசுங்கள்.